தோட்டத்து நாயும் நமது கடமையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் என்னருகே வந்து அமர்ந்தார். உத்தமபாளையம் பக்கத்தவர். திராட்சைத் தோட்டக்காரர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"ஹஜ்ரத், எங்க தோட்டத்து நாய் செத்துப் போச்சு. நாலு வருஷம் காவல் காத்த நாய். ஒருநாளும் அதை வீட்டுக்குள்ளே விட்டதில்லே. வெளியிலேதான் வச்சிருந்தேன். மார்க்கம் சொன்னபடிதானே செஞ்சேன்? பின்னே எதுக்கு என் மனசு உறுத்துது?"

நடந்ததை விசாரித்தேன். திராட்சைப் பந்தலின் கல்தூண் ஒன்றில்தான் நாய் எப்போதும் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். பந்தலில் கொடி தழைத்திருந்த நாட்களில் அதன் மேல் வெயில் விழவில்லை. கவாத்து வெட்டிய பின் பந்தலில் இலையே இல்லை. கட்டிய இடத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்று கம்பத்தில் ஒரு நிக்காஹ். காலையிலேயே அனைவரும் போய்விட்டார்கள். நாய் தூணைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி தூணிலேயே சுற்றிக்கொண்டது. தண்ணீர்ச் சட்டி இரண்டு முழ தூரத்தில் இருந்தது. நாயால் எட்ட முடியவில்லை. அஸர் நேரத்தில் திரும்பி வந்தபோது அது இறந்து கிடந்தது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: "என் மகன் சென்னையிலே மாடி வீட்டிலே ஒரு கோம்பைக் குட்டி வாங்கி வச்சிருக்கான். அது கீழே இறங்கறதே அபூர்வம். நான் வெளியிலேயே வச்சுச் சாகவிட்டேன். அவன் உள்ளேயே பூட்டி வச்சிருக்கான். ஒரு நாயை எவ்வளவு நேரம் வெளியிலே வைக்கணும்? மார்க்கத்திலே இதுக்கு ஏதும் கணக்கு இருக்கா, ஹஜ்ரத்?"

நாய் என்றதும் நம் வீடுகளில் நஜீஸ் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை எத்தனை முறை கழுவ வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நாய்க்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்டால் பெரியவர்களும் யோசிக்கிறார்கள். ஆகவே பெரியவரின் கேள்வியை வாசகர் அனைவருக்கும் உரிய பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

எந்த நாயை வளர்க்க அனுமதி?

கால்நடைக் காவல், வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கு அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கீராத் அளவு குறைந்துகொண்டே வரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இரண்டு கீராத் என வந்துள்ளது. இவை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்ற ஹதீஸ்கள்.

இதில் நம் பள்ளத்தாக்கு மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வேட்டை நாயும் கால்நடைக் காவல் நாயும் மட்டுமே கூறப்பட்டன. அபூஹுரைரா (ரலி) அவர்கள் விவசாயக் காவல் நாயையும் சேர்த்துச் சொல்கிறார்களே என்று கேட்கப்பட்டபோது, அபூஹுரைராவுக்கு விளைநிலம் இருந்தது என்று இப்னு உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு தொழில் உடையவர் அத்தொழில் பற்றிய சட்டத்தைக் கூடுதல் கவனத்துடன் மனத்தில் வைத்துக்கொள்வார் என்பதே இதன் பொருள் என விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையும் பயிரிட்டு, மேகமலை அடிவாரத்திலிருந்து இறங்கி வரும் காட்டுப்பன்றிகளிடமிருந்து அவற்றைக் காக்க வேண்டியிருக்கும் நமக்கு இந்த அனுமதி அல்லாஹ்வின் பேரருளாகும்.

வீட்டுக் காவலுக்கு நாய் வைக்கலாமா? மேற்கூறிய மூன்றையும் ஒப்புநோக்கி, கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீபின் விரிவுரையில் எழுதுகிறார்கள். திருடர் பயம் இருந்தால் வைக்கலாம் என்பதை ஹனபி நூல்களிலும் காணலாம். வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணத் திருக்குர்ஆனே அல்மாயிதா அத்தியாயத்தில் (5:4) அனுமதி அளிக்கிறது. நாயைப் பழக்குவது அல்லாஹ் மனிதனுக்குக் கற்றுத்தந்த அறிவிலிருந்து உண்டானது என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது.

ஆக, அனுமதி தேவையோடு கட்டுண்டது. தேவை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. அழகுக்காகவும் பெருமைக்காகவும் வளர்ப்பதற்கு அதில் இடமில்லை.

உள்ளேயா, வெளியேயா?

நாயும் உருவப்படமும் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பது பிரசித்தமான ஹதீஸ். வருவதாக வாக்களித்திருந்த ஜிப்ரீல் (அலை) அவர்கள் வராமல் போனதற்கு, வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி இருந்ததே காரணம் என்ற வரலாறும் முஸ்லிமில் உள்ளது. அனுமதிக்கப்பட்ட காவல் நாய்க்கும் இது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. பொருந்தாது என்பது இமாம் கத்தாபி (ரஹ்) அவர்களின் கருத்து. எல்லா நாய்களுக்கும் பொதுவானது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் கருத்து. பேணுதல் உடையவர் இரண்டாவதைக் கைக்கொண்டு, காவல் நாயையும் தொழுமிடத்திலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் விலக்கி வைப்பார்.

சுத்தத்தைப் பொறுத்தமட்டில், ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே கடும் நஜீஸ். ஈரத்துடன் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். அது நக்கிய பாத்திரத்தை மூன்று முறை கழுவுவது கடமை, ஏழு முறை கழுவுவது சிறப்பு. அதன் உடல் நஜீஸ் அல்ல என்பதே அம்மத்ஹபின் சரியான தீர்ப்பு. எனவே தோட்டத்தில் நாய் காலை உரசிச் சென்றது என்பதற்காக ஹனபி விவசாயி தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டு தொழலாம். மாலிகி மத்ஹபினரோ நாயைத் தூய்மையானது என்றே கொள்கின்றனர். அவர்களிடத்தில் பாத்திரம் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கம் மட்டுமே.

நாயின் இடம் எது என்பதற்கு அல்கஹ்பு அத்தியாயத்தில் (18:18) அழகியதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஈமானைக் காத்துக்கொள்ளக் குகையில் தஞ்சம் புகுந்த வாலிபர்களுடன் அவர்களின் நாயும் இருந்தது. குகை வாசலில் அது தன் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாக அல்லாஹு தஆலா குறிப்பிடுகின்றான். உறங்கியோர் எத்தனை பேர் என்று எண்ணப்படும் இடத்திலும் (18:22) அந்த நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. அதற்கு முந்திய வசனத்தில் (18:17) உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் அக்குகையை விட்டு ஒதுங்கிச் சென்ற செய்தி வருகிறது.

இதை நான் சட்டமாகக் கூறவில்லை, படிப்பினையாகவே கூறுகிறேன். அந்த நாய் அவர்களின் படுக்கையில் இல்லை. கண்காணாத தொலைவிலும் இல்லை. வாசலில் இருந்தது. அதன் கழுத்தில் சங்கிலி இருந்ததாகவும் சொல்லப்படவில்லை.

வெளியே வைத்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

பெரியவரின் மனம் உறுத்தியது இங்கேதான். வெளியில் வைத்தேன், மார்க்கத்தைப் பேணினேன் என்று அவர் நினைத்திருந்தார். அதில் பாதி உண்மை. மறுபாதியை ஒரு பூனையைப் பற்றிய ஹதீஸில் காணலாம்.

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதை அவள் சாகும்வரை அடைத்து வைத்திருந்தாள். உண்ணவும் பருகவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தானே தேடித் தின்னட்டும் என அவிழ்த்தும் விடவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதில் இரண்டு வழிகள் கூறப்பட்டிருப்பதை ஊன்றிக் கவனிப்பதில்லை. ஒன்று, நீ கொடு. அல்லது, அதுவே தேடிக்கொள்ளும்படி விடு. கட்டிப்போடாத உயிர் நிழலைத் தானே தேடிக்கொள்ளும், வாய்க்காலில் தண்ணீர் குடித்துக்கொள்ளும், கால் சலிக்க ஓடிக்கொள்ளும். அதைக் கட்டியவுடன் இந்த இரண்டாவது வழியை நாம் அடைத்துவிடுகிறோம். அக்கணமே முதல் வழி முழுவதும் நம் தலையில் கடமையாகி விடுகிறது. நிழலும் தண்ணீரும் தீனியும் நடமாட்டமும் நாமே கொடுத்தாக வேண்டும். கட்டியவனே கடமைப்பட்டவன்.

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சென்றபோது அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அன்னார் அதைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். நீர் அதைப் பட்டினி போடுவதாகவும் வேலையால் வருத்துவதாகவும் என்னிடம் அது முறையிட்டது என்றார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜஅபர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வந்துள்ள செய்தி இது. இதுவும் ஒரு தோட்டத்தில்தான் நடந்தது என்பதை நம் தோட்டக்காரர்கள் நினைவில் வைப்பார்களாக!

சட்ட நூல்களில், மனைவி மக்களுக்குச் செலவிடுவது பற்றிய நபகா பாடத்திலேயே பிராணிகளின் செலவும் வருகிறது. வளர்ப்புப் பிராணிக்குச் செலவிடுவது அல்லாஹ்வின் முன்னிலையில் உரிமையாளர் மீது கடமை என ஹிதாயா கூறுகிறது. மறுத்தால் காஜி கட்டாயப்படுத்தலாம் என்பது இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாபிஈ மத்ஹபிலும் அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்றே உள்ளது. ஹிஜ்ரீ 660இல் வபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எண்ணிக் காட்டுகிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவு செய்தல், சக்திக்கு மீறிச் சுமத்தாமை, அதற்குத் தீங்கு செய்வதனோடு ஒன்றாக வைக்காமை ஆகியவை அவற்றுள் அடங்கும். காவல் காத்த நாய் கிழடானதும் மலைப்பாதையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோர் இதைப் படித்துப் பார்க்கட்டும்.

நாய்க்கு வெளி ஏன் தேவை?

இனி அனுபவத்துக்கு வருவோம். நம் மாவட்டத்துக் கோம்பையின் பெயரால் ஒரு நாயினமே வழங்கி வருகிறது. செந்நிற உடலும் கறுத்த முகவாயும் கொண்டது. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்போனது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு தமிழகத்தின் நாட்டு நாயினங்களில் வைத்து எண்ணப்படுவது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இதன் பெயரையும் குறிப்பிட்டார். மலையடிவாரத்தில் ஓடியும் மோப்பம் பிடித்தும் வளர்ந்த இனம் இது. இதை ஒரே தூணில் நாள் முழுவதும் கட்டிப்போடுவதும், மாடி வீட்டு அறையில் அடைப்பதும் ஏறத்தாழ ஒரே வகைச் சிறைதான்.

நடமாட்டம் இல்லாத நாய் உடல் பருத்துக் கெடும், அல்லது வெறுப்பேறிக் கடிநாயாக மாறும். ஓயாமல் குரைக்கும், வாலைக் கடிக்கும், மண்ணைத் தோண்டும். கோபக்கார நாய் என்று நாம் சொல்பவற்றுள் பல, கட்டிக் கட்டியே கோபமாக்கப்பட்டவை. காவலுக்கும் அதனால் நட்டமே. தோட்டத்தின் எல்லை எது, வழக்கமாக வருபவர் யார், அந்நியர் யார் என்பதை நடந்து மோந்து பார்த்தே நாய் தெரிந்துகொள்கிறது.

வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மனிதருக்கு உடலெங்கும் வியர்க்கும். நாய்க்கு அவ்வாறில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கொதிக்கும் காற்றில், தண்ணீரும் நிழலும் இல்லாதபோது, இரைத்துப் பயனில்லை. உட்சூடு ஏறிச் சில மணி நேரத்துக்குள் இறந்துவிடக் கூடும். மிகையான இரைப்பு, கெட்டியாக வழியும் எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து, காற்று படச் செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்குச் சப்பையான சீமை நாய்களும், குளிர் நாட்டுக்குரிய அடர்ந்த ரோம நாய்களும் வெயிலை இன்னும் குறைவாகவே தாங்கும்.

மலைமேல் ஏலத் தோட்டம் வைத்திருப்போருக்கு எதிர்மாறான கவலை. அங்கே மழையும் குளிரும் உண்டு. தரைக்கு மேல் உயர்ந்த, நனையாத ஓர் இடம் நாய்க்கு வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு எவை வதை என்று பட்டியலிடுகிறது. மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பதும் அதில் அடங்கும். வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் விடுவதும் வதையே என அது நாயைப் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. காவல் நாயை நாள் முழுவதும் கட்டி வைத்திருப்போரில் எத்தனை பேர் இதை அறிவர்?

எத்தனை மணி நேரம்?

"கணக்கு இருக்கா?" என்று பெரியவர் கேட்டார். ஷரீஅத்தில் மணிக்கணக்கு இல்லை. தேவைக்குப் போதுமான அளவு என்பதே அதன் அளவுகோல். நபகா பாடம் முழுவதுமே இந்த அளவுகோலில்தான் நிற்கிறது.

ஜெர்மனி நாட்டில் 2020ஆம் ஆண்டில் ஒரு வரைவு ஆணை பேசப்பட்டது. நாயை நாள்தோறும் குறைந்தது இருமுறை, மொத்தம் ஒரு மணி நேரமாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கிழ நாய்க்கும் இள நாய்க்கும் ஒரே கணக்கா என்ற விவாதம் எழுந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையில் மணிக்கணக்கு இல்லை. இனம், வயது, உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்பப் போதிய அளவு வெளி நடமாட்டம் தர வேண்டும் என்றே அது அமைந்தது. தேவைக்குத் தக்கபடி என்று நம் புகஹாக்கள் எழுதி வைத்த இடத்துக்கே அவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாயின் வகைக்கேற்ப அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அன்றாடம் நடமாட்டம் வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் யோசனை. கோம்பை போன்ற ஓட்டத்துக்குரிய இனத்துக்கு அதில் கூடுதல் பங்கு தேவை. குட்டிக்கும் கிழ நாய்க்கும் சிறிது சிறிதாகத் தருவது நல்லது. நம் நாளே தொழுகை நேரங்களால் வகுக்கப்பட்டிருப்பதால் அதைக்கொண்டே ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

ஸுப்ஹுத் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர் முதல் வேலையாக நாயை அவிழ்த்துவிட்டு, வெயில் ஏறும்வரை வேலிக்குள் ஓட விடட்டும். வெயில் ஏறியபின் நிழலில் கட்டட்டும். நிழல் நகரும் என்பதை மறக்கலாகாது. காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாகும். ஆகவே லுஹர் நேரத்தில் ஒருமுறை நிழலையும் தண்ணீரையும் யாராவது பார்த்தே ஆக வேண்டும். அஸருக்குப் பின் மஃரிப் வரை மீண்டும் அவிழ்த்து விடலாம். வேலி பலமாக இருந்தால் இரவில் கட்டாமல் விடுவதே காவலுக்கும் நல்லது.

கட்டும் முறையிலும் கவனம் தேவை. தூணில் நேராகக் கட்டினால் சங்கிலி சுற்றிக்கொள்ளும். இரு தூண்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையத்தைக் கோர்த்து, வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் அங்குமிங்கும் நடக்கலாம். சங்கிலி தூண்களைத் தொடாத அளவில் இருக்கட்டும். சட்டி கவிழும். கல்தொட்டி கவிழாது. வீட்டார் அனைவரும் வெளியூர் போகும் நாளில் நாயைப் பார்க்க ஓர் ஆளை நியமிப்பது, பசுவுக்கு ஆள் வைப்பது போன்றே கடமையாகும்.

வெளி என்றால் தெரு அல்ல

இதைப் படித்துவிட்டு யாரும் நாயைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிட வேண்டாம். மதரஸாவுக்குப் போகும் சிறுவர்களும் பள்ளிவாசலுக்கு வரும் முதியவர்களும் நடக்கும் வழி அது. நாய்க்கடியால் எழுந்த அச்சம் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். வெறிநோய் கண்ட பின் மனிதரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இயலாது. மனிதருக்கு அந்நோய் வருவது ஏறத்தாழ எப்போதும் நாய் மூலமாகவே. எனவே குட்டிக்கு மூன்று மாத வயதளவில் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கடிக்கும் நாய் என்று தெரிந்தும் அதைத் தெருவில் திரிய விட்டவர், அதனால் பிறருக்கு ஏற்பட்ட தீங்கின் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கடிவெறி கொண்ட நாயைக் கொல்வதற்கு ஹரம் எல்லையிலும் அனுமதி உண்டு என்பதிலிருந்தே, மார்க்கம் மனித உயிரின் பாதுகாப்பை எவ்வளவு கருத்தில் கொண்டுள்ளது என்பது விளங்கும்.

மாடி வீட்டு நாய்

பெரியவரின் மகனுக்கும் ஒரு சொல். காவல் தேவையோ விவசாயமோ இல்லாத மாடி வீட்டில், ஊர் அபிமானத்துக்காக ஒரு கோம்பையை வைத்திருப்பது இரு வகையில் நட்டம். நற்கூலி குறையும் என்ற எச்சரிக்கைக்கு அவர் ஆளாகிறார். அந்தப் பிராணியோ தன் இயல்பை இழக்கிறது. தம்பி, தவறு என்று தெரிந்ததும் அதைச் சாலையோரத்தில் விட்டுவிடாதீர்கள்! அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. வேலி அடைத்த தோட்டமும் காவல் தேவையும் உள்ள ஒருவரிடம் அன்பளிப்பாக ஒப்படையுங்கள். நாய் விற்ற பணத்தைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்பளிப்பில் அந்தச் சிக்கலும் இல்லை. ஒப்படைக்கும் நாள்வரை, காலையும் மாலையும் அதை வெளியே அழைத்துச் சென்று வருவது உங்கள் மீது கடமை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. வேட்டை, கால்நடை, விவசாயம், காவல் ஆகிய தேவைகளுக்கே நாய் வளர்க்கலாம்.

2. அதன் இடம் வீட்டுக்கு வெளியே. தொழுமிடமும் சமையலறையும் படுக்கையும் அதற்குரியவை அல்ல. அதன் பாத்திரம் தனியே இருக்கட்டும்.

3. கட்டி வைத்தவர் நிழல், நீர், தீனி, நடமாட்டம் நான்குக்கும் பொறுப்பாளி.

4. காலையும் மாலையும் வேலிக்குள் அவிழ்த்து விட வேண்டும். நண்பகலில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

5. தெருவில் திரிய விடக் கூடாது. தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

6. கிழடானாலும் நோயுற்றாலும் கைவிடலாகாது.

பெரியவருக்குச் சொன்ன பதில்

இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர் கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னேன். நாய் சாக வேண்டுமென்று அவர் எண்ணவில்லை. பூனையைப் பட்டினி போட்டவளைப் போன்றவரல்ல அவர். சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டே போயிருக்கிறார். ஆயினும் கவனக்குறைவு உண்டு. அதற்கென்று குறிப்பிட்ட பரிகாரம் ஏதுமில்லை. அல்லாஹ்விடம் பிழை பொறுக்கத் தேட வேண்டும், இனி அவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனம் உறுத்துவதே ஈமான் உயிரோடு இருப்பதன் அறிகுறி என்றேன்.

அவர் தலைகுனிந்திருந்தார். அப்போது இன்னொரு ஹதீஸையும் நினைவூட்டினேன். பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த நடத்தை தவறிய பெண்ணொருத்தி, தாகத்தால் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்த நாயைக் கண்டாள். தன் காலணியைக் கழற்றி அதில் நீர் மொண்டு கொடுத்தாள். அதற்காகவே அவளுடைய பாவம் மன்னிக்கப்பட்டது. அவ்வாறே ஒரு நாய்க்கு நீர் புகட்டிய மனிதரைப் பற்றித் தோழர்கள் கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் உடைய ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் நற்கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். நம் தோட்டத்தில் கிணறும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. அந்த நற்கூலியைத் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவர் தோட்டத்தின் வழியே போக நேர்ந்தது. புதிய குட்டி ஒன்று வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ரூமை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும், "லுஹருக்கு வந்து பார்த்துட்டுத்தான் சாப்பிடப் போறேன், ஹஜ்ரத்" என்றார்.

வல்ல நாயன் அவருடைய பிழையையும் நம் பிழைகளையும் பொறுத்தருள்வானாக! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டுக்கு ஆளாகாதவர்களாக நம் அனைவரையும் வாழச் செய்வானாக! ஆமீன்.